நாம் இல்லாத நேரத்தில் மீன் என்ன செய்கிறது? தொட்டிக்குக் கேமரா வைக்க ஒரு வழிகாட்டி

தொட்டி முன்னால் போய் நின்றதும் மீன்கள் எல்லாம் முன்கண்ணாடிக்கு ஓடி வரும். "என்னைப் பார்த்ததும் எவ்வளவு குஷி பாருங்கள்" என்று விருந்தாளிகளிடம் சொல்லாத மீன் வளர்ப்பாளர் குறைவு. அது தீனி கேட்கிற ஓட்டம். அந்த இரண்டு நிமிடத்தில் அடிபட்ட மீனும் ஓடி வரும், உடம்பு சரியில்லாததும் முடிந்தவரை ஓடி வரும், காலையிலிருந்து மூலையில் ஒதுங்கிக் கிடந்ததும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். நம் கண்ணில் படுவதெல்லாம் நம்மைப் பார்த்துவிட்ட மீன்தான். மற்ற நேரத்தில் அது எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் கேமரா.

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் புதிதாகத் தொட்டி வைத்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நம் ஊர்த் தண்ணீர், கரண்ட், மார்கழிக் குளிர் மூன்றுமே இந்த வேலையில் தலையிடும்.

கேள்வி முதலில், கேமரா அப்புறம்

"சும்மா வைத்துப் பார்ப்போம்" என்று ஆரம்பித்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. எட்டு மணி நேரப் பதிவை யார் உட்கார்ந்து பார்ப்பது? ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏஞ்சல் ஜோடி முட்டை போட்டது, விடிந்தால் காணோம், தின்றது யார்? கோல்டு ஃபிஷ்ஷின் வால் கிழிந்துகொண்டே இருக்கிறது, கடிப்பது எது? புதிதாக வாங்கி விட்ட மீன் தீனியைத் தொடவே மாட்டேன் என்கிறதா, இல்லை நாம் நகர்ந்த பிறகு தின்கிறதா? சத்தம் தாங்காமல் இரவில் ஆக்ஸிஜன் மோட்டாரை நிறுத்திவிட்டுப் படுக்கிறோமே, மீனுக்கு அது ஒத்துக்கொள்கிறதா?

கேள்வி முடிவானால் மற்றதும் முடிவாகிவிடும். முட்டைக் கேள்விக்கு இரவுப் பார்வை வேண்டும், முட்டை ஒட்டியிருக்கும் இலை தெரிய வேண்டும். வால் கடிக்கும் கேள்விக்குப் பகல் போதும், ஆனால் தொட்டி முழுவதும் படத்துக்குள் வர வேண்டும். மோட்டார் கேள்விக்கு நீர்மட்டம் தெரிந்தாக வேண்டும். பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை 4 மணியிலிருந்து விளக்குப் போடும் வரை. செடி வைத்த தொட்டியில் இரவெல்லாம் செடியும் ஆக்ஸிஜனைத்தான் இழுக்கும். வெளிச்சம் வருவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கும். காலை எட்டு மணிக்கு எழுந்து பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாகவே தெரியும்.

எதை வாங்குவது

பெரும்பாலும் எதையும் வாங்க வேண்டாம். அலமாரியில் தூங்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று போதும். பகல் காட்சிக்கு, அதுவும் கிட்டத்தில் இருந்து எடுப்பதற்கு, அதை மிஞ்சும் மலிவான கேமரா இல்லை. போனைக் கேமராவாக மாற்றும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. போனில் ஏற்கெனவே இருக்கும் டைம் லேப்ஸே, அதாவது சில நொடிக்கு ஒரு படம் எடுத்துச் சேர்த்து ஓட்டும் வசதியே, பாதி வேலையை முடித்துவிடும்.

இரவுக்குப் போன் உதவாது. இருட்டில் படம் எடுக்க, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வேண்டும். போன் கேமராவில் அந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும். இரவுக் காட்சிக்கு, வீட்டுப் பாதுகாப்புக்கு விற்கிற வைஃபை கேமரா வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். இருட்டியதும் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த வடிகட்டி விலகுகிற சத்தம் அது. ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: இந்தக் கேமராக்கள் அறையைப் பார்க்கச் செய்யப்பட்டவை, ஃபோகஸை மாற்ற முடியாது. கண்ணாடியை ஒட்டி வைத்தால் எல்லாம் மங்கல். ஒன்றிரண்டு அடி தள்ளி வைத்தால்தான் தெளிவு வரும்.

தண்ணீருக்குள் போடும் கேமரா ஆரம்பத்தில் தேவையே இல்லை. மீன் மிரளும், பேட்டரி ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீரும்.

கண்ணாடியில் உப்பு

நம் பக்கத்தில் முதல் எதிரி இதுதான். போர் தண்ணீரை நிரப்பிய தொட்டியில் நீர்மட்டத்தை ஒட்டி வெள்ளைக் கோடு விழும். தெறித்த துளிகள் காய்ந்து புள்ளி புள்ளியாக உட்காரும். நம் கண் அதைத் தாண்டி மீனைப் பார்த்துக்கொள்ளும். கேமரா அந்தப் புள்ளியையே பிடித்துக்கொண்டு மீனை மங்கலாக்கும். இரவில் அகச்சிவப்பு ஒளி பட்டால் அந்தப் புள்ளிகள் விளக்குப் போல மின்னும்.

வெள்ளை வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ துணியில் நனைத்து, வெளிப்பக்கம் ஐந்து நிமிடம் ஒற்றி வைத்துத் துடைத்தால் போய்விடும். உள்பக்கக் கோட்டைத் தண்ணீர் மாற்றும்போது, மட்டம் இறங்கியிருக்கும் நேரத்தில் துடையுங்கள். துணி ஈரமாக இருந்தால் போதும், தொட்டிக்குள் சொட்டக் கூடாது. சொரசொரப்பான நாரைக் கொண்டு தேய்த்தால் கீறல் விழும். கீறல் விழுந்த கண்ணாடியைக் கேமரா மன்னிக்காது. ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்கு மறுபடி மறுபடி போர் தண்ணீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். ஆர்.ஓ. தண்ணீரை அந்த ஈடுகட்டலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வரும் வீடுகளில் இந்தத் தொல்லை குறையும், ஆனால் அதில் குளோரின் இருக்கும். குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்தோ, ஒரு நாள் காற்றோட்டமாக வைத்தோதான் ஊற்ற வேண்டும்.

பொருத்துவது

கேமரா கண்ணாடிக்கு நேராகப் பார்க்க வேண்டும். சாய்த்து வைத்தால் கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்து ஒளியை வளைத்து, மீனின் ஓரங்களில் நிறம் பிரியும், உருவம் இழுபடும். போன் என்றால் கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தூரம் நல்லது. ஸ்டாண்ட் ஆடாமல் இருக்கக் கனமான அடித்தளம் வேண்டும். அதற்கு நம் மாவட்டங்களில் பஞ்சமே இல்லை: கிரானைட் பட்டறையில் வெட்டி ஒதுக்கிய துண்டு ஒன்று கேட்டு வாங்கி, அதன் மேல் போன் ஹோல்டரை ஒட்டிவிடுங்கள். குழந்தைகள் ஓடினாலும் அசையாது.

அடுத்தது பிரதிபலிப்பு. ஹாலில் டியூப்லைட் எரிந்தால் படத்தில் மீனுக்குப் பதில் சோபாவும் டிவியும் தெரியும். கறுப்புச் சார்ட் அட்டையைக் குழாய் போலச் சுருட்டி, ஒரு முனையை லென்ஸைச் சுற்றியும் மறு முனையைக் கண்ணாடியோடு ஒட்டியும் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. வைஃபை கேமராவுக்கு இதையே பெரிய அட்டைப் பெட்டியாகச் செய்யுங்கள். தொட்டியின் பின்பக்கமும் கறுப்போ அடர்நீலமோ இருந்தால் வெளிர்நிற மீன் தனியாகத் தெரியும். பவளப்பாறை படம் போட்ட ஸ்டிக்கர் அழகாக இருக்கலாம், மீனைத் தேடிக் கண் வலிக்கும்.

போனில் பதிவைத் தொடங்கும் முன் திரையில் மீன் இருக்கும் இடத்தை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் ஒவ்வொரு குமிழிக்கும் கேமரா ஃபோகஸ் தேடி ஓடும். எல்.இ.டி. விளக்கின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடினால் கேமரா அமைப்பில் 60 என்று இருப்பதை 50 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் கடிகாரத்தையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள். வேறு நாட்டு நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் குறிப்பெல்லாம் வீண்.

இரண்டு பொருள்கள் எப்போதும் படத்துக்குள் இருக்கட்டும். ஒன்று, வெப்பமானி. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழி, தை இரவுகளில் தொட்டியின் சூடு எவ்வளவு இறங்குகிறது என்பது நேரத்தோடு பதிவாகும். குளிர் ஏறி இறங்கிய சில நாளில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தால், எந்த இரவில் ஆரம்பித்தது என்று பின்னால் போய்ப் பார்க்கலாம். இன்னொன்று, மீனின் நீளத்தை அளக்க நினைப்பவர்களுக்கு ஒரு ஸ்கேல். அதைக் கண்ணாடிக்கு வெளியே ஒட்டிப் பயனில்லை, தண்ணீர் எல்லாவற்றையும் கிட்டத்தில் இருப்பதாகவும் பெரியதாகவும் காட்டும். மீன் நீந்துகிற தூரத்தில், உள்ளே நிற்க வேண்டும்.

எல்லாம் வைத்தபின் உடனே பதிவு செய்யாதீர்கள். கறுப்புப் பெட்டி ஒன்று திடீரென்று எதிரில் வந்தால் மீன் ஒதுங்கும், முறைக்கும், செடிக்குப் பின்னால் போகும். மூன்று நாலு நாள் கேமரா அங்கேயே இருக்கட்டும். அது வீட்டுச் சாமான்களில் ஒன்று என்று மீன் முடிவு செய்த பிறகு ஆரம்பிக்கலாம்.

இரவுக் காட்சி

வைஃபை கேமராவை அப்படியே தொட்டியை நோக்கித் திருப்பி வைத்தால், இரவில் வெள்ளை வட்டம் ஒன்றுதான் தெரியும். கேமராவிலேயே உள்ள அகச்சிவப்பு விளக்கு கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. செயலியில் அந்த விளக்கை மட்டும் அணைத்து, இரவுப் பார்வையை இயக்கத்தில் வைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டலாம். ஒளிக்குத் தனியாக ஒரு அகச்சிவப்பு விளக்கு வாங்கி, தொட்டியின் மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ அடிக்க வேண்டும்.

வாங்கும்போது 850, 940 என்று இரண்டு அலைநீளம் இருக்கும், நானோமீட்டர் கணக்கில். 940-இல் சிவப்பு மினுக்கம் துளியும் தெரியாது என்பதால் கடைக்காரர் அதை உயர்வாகச் சொல்வார். தொட்டிக்கு அது ஆகாது. தண்ணீர் அகச்சிவப்பை வேகமாக உறிஞ்சும், 940-ஐ இன்னும் மோசமாக விழுங்கிவிடும். 850 வாங்குங்கள். அதிலும் ஒன்றரை அடி அகலத் தொட்டியின் பின்பகுதி இருட்டாகத்தான் இருக்கும். முன்பாதியைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. பெரும்பாலான தொட்டி மீன்களை இந்த ஒளி தொந்தரவு செய்வதாகத் தெரியாது. இரவில் வெள்ளை விளக்கைத் திடீரென்று போடுவது வேறு கதை. மீன் மிரண்டு கண்ணாடியில் மோதும், மூடியில்லாத தொட்டியிலிருந்து வெளியே குதிக்கும்.

இரவுப் படம் கறுப்பு வெள்ளைதான். நிறத்தைக் கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். நியான் டெட்ரா போன்றவை இரவில் இயல்பாகவே வெளிறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இடம், கரண்ட், வைஃபை

கணக்கு எளிது. நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு நாளுக்கு 21.6 ஜி.பி. ஆகும். 128 ஜி.பி. கார்டு ஐந்தாறு நாளில் நிறைந்து, பழையதன் மேல் எழுத ஆரம்பிக்கும். அதற்குள் வேண்டியதை எடுத்துவிட வேண்டும். டைம் லேப்ஸ் என்றால் 5 நொடிக்கு ஒரு படம் வைத்து, 8 மணி நேரம் மூன்று நிமிடச் சொச்சமாகச் சுருங்கிவிடும். யார் எந்த மூலையைத் தன் இடமாக வைத்திருக்கிறது, யாரை விரட்டுகிறது என்பது சுருங்கிய படத்தில்தான் பளிச்சென்று தெரியும். 'அசைவு வந்தால் பதிவு செய்' என்ற வசதியை நம்ப வேண்டாம். குமிழி, ஆடும் செடி எல்லாமே அதற்கு அசைவுதான்.

அடாப்டரையும் ஸ்பைக் பாக்ஸையும் தொட்டிக்குக் கீழே வைக்காதீர்கள். வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு தொய்வு விட்டுக் கீழே இறங்கி மேலே ஏறட்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும். பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தும் நாளில் வைஃபை கேமராவும் ரூட்டரும் சேர்ந்து படுத்துவிடும். ஆனால் ஃபில்டர் நின்ற தொட்டியில் மீன் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. அன்றைக்குப் பேட்டரியில் ஓடும் பழைய போனை வையுங்கள், பக்கத்தில் பேட்டரி ஏர் பம்பும் தயாராக இருக்கட்டும். தொடர்ந்து சார்ஜில் கிடக்கும் போன் சூடேறும். கவரைக் கழற்றிவிடுங்கள், பின்மூடி உப்பியிருந்தால் அந்தப் போனையே மாற்றுங்கள்.

தொட்டிக்குப் பின்னால் கேமரா, முன்னால் ரூட்டர் என்று வைத்தால் சிக்னல் குறையும். தண்ணீர் வைஃபை அலையையும் மட்டுப்படுத்தும்.

வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு வைப்பதும் முக்கியம். ஹாலில் இருக்கும் கேமரா மீனை மட்டும் பார்ப்பதில்லை. கண்ணாடியில் ஆள் தெரியும், மைக் பேச்சைப் பிடிக்கும். மைக்கை அணைத்து, கேமராவோடு வந்த கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

பதிவை எப்படிப் பார்ப்பது

முதல் வாரம் நோய் தேடாதீர்கள். நன்றாக இருக்கும் மீன் எப்படி இருக்கும் என்பதை முதலில் எழுதி வையுங்கள். இதைத் தாண்டி ஓடுபவர்கள்தான் அடித்தரையில் மேயும் கோரிடோரஸ் மீன் மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்குவதைப் பார்த்துப் பதறி மருந்து வாங்கப் போவார்கள். அது அந்த மீனின் இயல்பு. ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து மூச்சு விடுவதும் அப்படியே. கப்பியும் டெட்ராவும் கூட்டமாக மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

செவுள் அசைவை எண்ணுவது எளிய, உருப்படியான அளவு. பாதி வேகத்தில் ஓடவிட்டு, பதிவு நேரத்தில் 15 நொடிக்கு எத்தனை முறை மூடித் திறக்கிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். இன்னொருவர் வீட்டு மீனின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். இனத்துக்கு இனம், சூட்டுக்குச் சூடு மாறும். அதே மீன், அதே நேரம், அதே வெப்பத்தில் சென்ற வாரம் எவ்வளவு, இன்று எவ்வளவு என்று பாருங்கள்.

எதைக் குறித்துக்கொள்வது என்று குழப்பமாக இருந்தால், பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974-இல் வகுத்துச் சொன்ன முறைகளில் இரண்டைக் கடன் வாங்கலாம். ஒன்று, 10 நிமிடத்துக்கு ஒரு முறை படத்தை நிறுத்தி, அந்தக் கணத்தில் எல்லா மீன்களும் எங்கே, என்ன செய்கின்றன என்று எழுதுவது. மற்றது, ஒரே மீனை 10 நிமிடம் விடாமல் தொடர்வது. முதல் முறை தொட்டியின் நிலவரத்தைச் சொல்லும், இரண்டாவது குற்றவாளியைப் பிடிக்கும். நோட்டும் பேனாவும் போதும். பழகிய பிறகு, இத்தாலியில் டுரின் பல்கலைக்கழகத்தில் உருவான போரிஸ் என்ற இலவச மென்பொருளில் ஒரு விசைக்கு ஒரு செயல் என்று வைத்துத் தட்டிக்கொண்டே போகலாம்.

அந்த ஏஞ்சல் முட்டைக்கு வருவோம். பகலில் ஒன்று முட்டையருகே நின்று மார்புத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், மற்றது சுற்றி வரும், கொஞ்ச நேரத்தில் முறை மாற்றிக்கொள்ளும். நடுநடுவே வாயால் ஒரு முட்டையைக் கொத்தும். "தின்கிறதே!" என்று தோன்றும். பூஞ்சை பிடித்து வெளுத்த முட்டையைக் களைகிறது அது. இரண்டு மூன்று நாளில் பொரிந்து, வால் துடிக்கும் குஞ்சுகள் இலையில் தொங்கும்போது, தாய் தகப்பன் அவற்றை வாயில் அள்ளிக்கொண்டு போவதும் தெரியும். அங்கே படத்தை நிறுத்தி, அடுத்த அரை நிமிடத்தை மெதுவாக ஓட்டுங்கள். வேறொரு இலையில் துப்பி ஒட்டினால் இடமாற்றம். துப்பாமல் வாயை மென்றுகொண்டே திரும்பினால் தின்றுதான் விட்டது. விளக்கணைந்த பிறகு, வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன் கண்ணாடியோரம் ஊர்ந்து இலைப்பக்கம் வருவதும், இருட்டில் பெற்றோர் அதை விரட்டத் திணறுவதும் பல தொட்டிகளில் நடக்கும். சக்கர் இரவில் உழைக்கும் மீன். பகலில் ஒட்டியதுபோல் அசையாமல் இருப்பதைப் பார்த்து அதைச் சாது என்று நினைத்திருப்போம்.

சக்கர்தான் என்று உறுதியானால் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், கடையில் திருப்பிக் கொடுங்கள். ராமாக்காள் ஏரியிலோ கே.ஆர்.பி. அணையிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். நம் நீர்நிலைகளில் பெருகிவிட்ட இந்த அயல்நாட்டு மீன் வலையையும் கிழிக்கும், ஊர் மீனின் இடத்தையும் பிடிக்கும்.

விடை கிடைத்ததாக நினைக்கும் முன் தொட்டிக்கு வெளியே என்ன நடந்தது என்றும் பாருங்கள். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த விஞ்ஞானி நிகோ டின்பெர்கன் ஹாலந்தில் ஸ்டிக்கிள்பேக் என்ற சிறு மீன்களை ஆராய்ந்தபோது, ஜன்னலோரத் தொட்டிகளில் இருந்த ஆண் மீன்கள் தெருவில் சிவப்புத் தபால் வண்டி போகும்போதெல்லாம் சண்டைக்குப் பாய்ந்தனவாம். அந்த மீனுக்கு எதிரியின் அடையாளம் சிவப்பு வயிறு. 1973-இல் நோபல் பரிசு பெற்ற மனிதரின் தொட்டிக்கே அந்த நிலை. உங்கள் மீன் சாயங்காலம் 5 மணிக்கு மட்டும் கண்ணாடியில் முட்டிக்கொள்கிறதென்றால், அந்த நேரத்தில் மேற்கு வெயில் விழுந்து கண்ணாடியில் அதன் நிழலுருவமே தெரிகிறதா என்று பாருங்கள். தண்ணீர் மாற்றிய நாள், தீனி மாற்றிய நாள், கொசுவர்த்தி வைத்த இரவு எல்லாவற்றையும் அதே நோட்டில் குறித்துவிட்டால் பாதிப் புதிர் அங்கேயே அவிழும்.

மீன் கற்களில் உரசிக்கொள்கிறது, துடுப்பை மடித்து வைத்திருக்கிறது, தீனிக்கு வரவில்லை என்று பதிவில் தெரிந்தால் கடைக்காரரிடமோ விவரம் தெரிந்தவரிடமோ காட்டுங்கள். முழுப் பதிவையும் அனுப்பாதீர்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். தொட்டி முழுவதும் தெரியும்படி 15 நொடி, அந்த மீன் மட்டும் கிட்டத்தில் 30 நொடி, போனைக் குறுக்காகப் பிடித்து ஜூம் செய்யாமல் எடுத்தது போதும். கூடவே நாலு வரி: தொட்டி எத்தனை லிட்டர், என்னென்ன மீன், வெப்பம் எவ்வளவு, கடைசியாகத் தண்ணீர் மாற்றியது என்றைக்கு. போர் தண்ணீரா ஒகேனக்கல் தண்ணீரா என்பதையும் சேர்த்துவிடுங்கள், இங்கே அதைத்தான் முதலில் கேட்பார்கள்.